இலைச்சாறும் மீயொலியும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சோனிகேட்டர் என்ற மீயொலிக் கருவி என் பொறுப்பில் இருக்கிறது. எம்.எஸ்சி. புராஜெக்ட் மாணவர்கள், பக்கத்துக் கல்லூரி ஆராய்ச்சி மாணவர்கள், முருங்கைப் பொடி அரைத்து விற்கும் மகளிர் குழு அக்காமார், எப்போதாவது ஒரு சித்த மருத்துவர் என்று பலரும் வருவார்கள். மூலிகையிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட்டை, அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளை, மீயொலி வைத்துப் பிரித்தெடுப்பது பற்றி வருகிறவர்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

அண்ணே, வயித்துல ஸ்கேன் எடுக்கிற அல்ட்ராசவுண்டும் இதுவும் ஒண்ணா?

பெயர் ஒன்று, வேலை வேறு. நம் காதுக்கு அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதற்கு மேல் போனாலே மீயொலிதான். ஸ்கேனில் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் மெல்லிய அலையை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்புவதைப் படமாக்குகிறார்கள். உடம்புக்குள் எதையும் உடைக்கக் கூடாது என்பதுதான் அங்கே கவனம். நாம் பயன்படுத்துவது 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ், ஆனால் பலமான அலை, உடைப்பதற்கென்றே அனுப்புவது.

தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், அழுக்கேறிய கொலுசை ஒரு சின்ன எவர்சில்வர் தொட்டியில் போட்டு இரண்டு நிமிடத்தில் பளிச்சென்று எடுத்துத் தருவார்கள். அந்தத் தொட்டியும் எங்கள் ஆய்வக பாத் சோனிகேட்டரும் ஒரே சாதிக் கருவிதான். அங்கே கொலுசின் இடுக்கில் இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது, இங்கே இலையின் செல்லுக்குள் இருக்கும் பொருள் வெளியே வருகிறது.

உள்ளே என்னதான் நடக்குது? சூடாகி வெந்துபோறதுதானே?

சூடாகும், ஆனால் முக்கியமான வேலையைச் செய்வது சூடு இல்லை, குமிழி. ஒலி அலை திரவத்தை மாறி மாறி நெருக்கும், இழுக்கும். இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பெருத்து, ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் உள்நோக்கி இடிந்து விழும். இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர். இடியும் அந்தப் புள்ளியில் மட்டும், நொடியில் மிக மிகச் சிறிய பங்கு நேரத்துக்கு, சுமார் 5000 கெல்வின் வெப்பமும் ஆயிரம் வளிமண்டல அளவுக்கு அழுத்தமும் எழும். சுற்றியுள்ள திரவம் அதை உடனே வாங்கிக்கொள்வதால் பாத்திரம் மொத்தமாகக் கொதிப்பதில்லை.

குமிழி இலைத்துகளுக்குப் பக்கத்தில் இடிந்தால் அது நாலாபுறமும் ஒரே மாதிரி சுருங்காது, துகளை நோக்கி ஊசி மாதிரி ஒரு தண்ணீர்த் தாரை பாயும். அதுதான் செல்சுவரைக் குத்துகிறது. கப்பல் புரொப்பெல்லரின் உலோகத்தையே அரித்துக் குழி விழவைக்கும் சமாச்சாரம் இது. இப்படி இடியும் குமிழிக்கான கணக்கை ராலே பிரபு என்ற ஆங்கில இயற்பியலாளர் 1917-லேயே போட்டுவிட்டார். உலோகமே தாங்காதபோது இலையின் செல்சுவர் எந்த மூலைக்கு?

கஷாயம் போட்டாலே சத்து இறங்கிடுமே, இதுக்கு எதுக்கு மெஷின்?

இறங்கும், மறுக்கவில்லை. தண்ணீரில் கரைவது, சூட்டைத் தாங்குவது எல்லாம் கஷாயத்தில் நன்றாகவே இறங்கும். கடுக்காய், தான்றிக்காய் மாதிரித் துவர்ப்புச் சரக்குகளுக்கு நம் ஆட்கள் கண்ட வழி சரியான வழி. எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சும்போது என்ன ஆகிறது என்றால், சூடு தாங்காத வைட்டமின் சி போன்றவை பெருமளவு சிதைகின்றன, துளசியின் யூஜினால் மாதிரி வாசனைப் பொருள்கள் ஆவியோடு போய்விடுகின்றன, தண்ணீரில் கரைய மறுப்பவை சக்கையிலேயே தங்கிவிடுகின்றன.

மீயொலியில் 50 டிகிரிக்குள்ளேயே, அரை மணி நேரம் முன்னே பின்னே, குறைந்த கரைப்பானில் வேலை முடியும். லாபம் அவ்வளவுதான். இலையில் இல்லாத சத்தை எந்தக் கருவியும் உண்டாக்கித் தராது, இருப்பதைச் சீக்கிரமாகவும் சேதாரம் குறைவாகவும் வெளியே கொண்டுவரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் வராது.

எந்த மூலிகையை எடுக்கலாம்? அழகர்மலைல கிடைக்கிறதுதான் ஒசத்தியாமே?

அழகர்மலையோ சிறுமலையோ, காட்டுக்குள் போய்ப் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். புராஜெக்டுக்காக ஒரு சாக்கு மூலிகையை வேரோடு பிடுங்கி வந்து என்னிடம் காட்டிய பையனிடம் நான் கோபப்பட்டிருக்கிறேன். அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. முருங்கை இலை வீட்டுக் கொல்லையில் இருக்கிறது, குவெர்செட்டின், குளோரோஜெனிக் அமிலம் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் நிறைந்தது. ஆவாரம்பூ மேலூர், திருமங்கலம் போகிற வழியெல்லாம் காட்டுத்தரையில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. ஜூஸ் கடையில் தூக்கிப்போடும் மாதுளைத் தோலில் இருக்கும் பியூனிகலாஜின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டுக்கு இணையான சரக்கு கிடைப்பது அரிது, காசும் கிடையாது.

எதை எடுத்தாலும் முதலில் தாவரவியல் துறையில் காட்டி, இது இன்ன செடிதான் என்று உறுதி செய்து, ஒரு கொப்பை உலர்த்தி, செடி மாதிரிகளைச் சேமித்துவைக்கும் ஹெர்பேரியத்தின் தாளில் ஒட்டி எண் வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் கீழாநெல்லி என்று கட்டிக் கொடுப்பதில் அதன் உறவுக்காரச் செடிகள் இரண்டு மூன்று கலந்திருப்பது சாதாரணம். மூன்று மாதம் உழைத்த பிறகு அது தெரிந்தால் மனசு விட்டுப்போகும்.

பச்சை இலையை அப்படியே மிக்ஸில அடிச்சுப் போடலாமா?

வேண்டாம். செல் உடைந்ததும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் வெளியே வந்து, நீங்கள் எடுக்க நினைத்த பொருளையே தின்ன ஆரம்பிக்கும். நறுக்கிய கத்திரிக்காய் கறுப்பதும் இதே நொதியால்தான். மீயொலி செல்லை நன்றாக உடைக்கிறது என்றால் நொதியையும் நன்றாகவே அவிழ்த்துவிடுகிறது என்று அர்த்தம்.

நிழலில் காயவையுங்கள். நம் ஊர் வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் இரண்டே நாளில் மொறுமொறுவென்று ஆகும்தான், நிறமும் போய்விடும். காய்ந்ததை அரைத்துச் சல்லடையில் சலித்து, கால் முதல் அரை மில்லிமீட்டர் அளவுத் துகளாக வைத்துக்கொண்டால் போதும். முகப்பவுடர் மாதிரி அரைத்தால் வடிகட்டவே முடியாது, வடிதாள் அடைத்துக்கொள்ளும்.

தண்ணியா, எத்தனாலா, மெத்தனாலா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இலையிலிருந்து நாம் தேடும் ஆன்டிஆக்ஸிடன்ட்களில் பெரும்பாலானவை பாலிஃபீனால் என்ற வகை. அவற்றுக்கு 50 முதல் 70 சதவீத எத்தனால், மீதி தண்ணீர். பெரும்பாலான இலை தழைகளுக்கு இதில் ஆரம்பித்தால் ஏமாற்றம் இருக்காது. தண்ணீர் துகளை ஊறவைத்து உப்பவைக்கும், எத்தனால் பொருளைக் கரைக்கும், நொதியையும் அடக்கும். சுத்த எத்தனாலில் பச்சையம்தான் நிறைய இறங்கும், பார்க்க அடர் பச்சையாக அழகாக இருக்கும், பாலிஃபீனால் எண் குறைவாக வரும்.

மெத்தனாலும் நன்றாக இழுக்கும், ஆனால் விஷம். வாய்க்குப் போகக்கூடிய எதற்கும் கூடாது. எத்தனால் வாங்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை அனுமதி வேண்டும் என்பதால் சிலர் பெயின்ட் கடை ஸ்பிரிட்டை வாங்கி வருகிறார்கள். அதில் குடிக்க முடியாதபடி வேண்டுமென்றே நஞ்சு கலந்திருப்பார்கள், தொடாதீர்கள். அளவு என்று கேட்டால், 1 கிராம் பொடிக்கு 10 முதல் 30 மில்லி கரைப்பான்.

நெல்லிக்காய்ச் சாறு கறுத்துப்போச்சு. மெஷின் கெட்டுப்போச்சா?

மெஷினைத் திட்டாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். எங்கள் ஆய்வகத்திலேயே ஒருமுறை காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோய், அவசரத்துக்கு போர் தண்ணீரை ஊற்றினோம். பொடியைப் போட்ட ஐந்தாவது நிமிடம் இளமஞ்சளாக இருந்த சாறு ஓரத்தில் நீலம் தட்டி, பிறகு சாம்பலாகி, கடைசியில் மை மாதிரி ஆனது.

ஆமாம், மையேதான். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வினை. நெல்லியிலும் கடுக்காயிலும் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், தண்ணீரிலோ துருப்பிடித்த பாத்திரத்திலோ இருக்கும் இரும்போடு சேர்ந்து கறுக்கும். சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும், கடுக்காய்த் தண்ணீரில் நனைத்த துணியை இரும்பு வாளிப் பக்கம் கொண்டுபோக மாட்டார்கள். கறுத்த சாற்றை வைத்து எடுக்கும் எந்த எண்ணும் உதவாது. கொட்டிவிட்டுக் காய்ச்சி வடித்த நீரில், கண்ணாடிப் பாத்திரத்தில் மறுபடி செய்யுங்கள்.

பாத் நல்லதா, புரோப் நல்லதா?

பாத்தில் அலை தொட்டிச் சுவர், தண்ணீர், உங்கள் குடுவை என்று மூன்றைக் கடந்து வர வேண்டும், அதனால் மெதுவாக வேலை செய்யும். ஆனால் ஒரே நேரத்தில் நாலைந்து குடுவை வைக்கலாம், விலையும் குறைவு. புரோப் என்பது டைட்டானியத் தண்டு, நேராகச் சாற்றுக்குள்ளேயே இறங்கி வேலை பார்க்கும், பாத்தில் அரை மணி நேரம் ஆவது இதில் ஐந்து பத்து நிமிடத்தில் முடியும், சூடும் அதே வேகத்தில் ஏறும்.

பாத்தில் எல்லா இடமும் ஒன்று இல்லை. சமையல் அலுமினியத் தாளை ஒரு துண்டு கிழித்து, தொட்டித் தண்ணீரில் செங்குத்தாகப் பிடித்து ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். சில இடங்களில் ஊசி குத்திய மாதிரி ஓட்டை ஓட்டையாக விழுந்திருக்கும், சில இடம் புதுசு மாதிரியே இருக்கும். ஓட்டை விழுந்த இடத்தில் குடுவையை வையுங்கள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். புரோப்பாக இருந்தால் நுனி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மூழ்கினால் போதும், பீக்கரின் அடியையோ சுவரையோ தொடக் கூடாது. தொட்டால் கண்ணாடி உடையும்.

எத்தனாலை நேராகத் தொட்டியில் ஊற்றும் ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நம் ஊர் அறை வெப்பத்தில் எத்தனால் ஆவி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். தொட்டியில் தண்ணீர், குடுவையில் எத்தனால், குடுவைக்கு மூடி.

எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு? ஒரே வரியில சொல்லுங்க.

பாத்தில் 20 முதல் 40 நிமிடம், 30 முதல் 50 டிகிரிக்குள். இதில் தொடங்கி உங்கள் மூலிகைக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

ஒரு வரியில் அடங்காதது ஒன்று இருக்கிறது. வெளியூர்க் கட்டுரைகளில் அறை வெப்பநிலை என்றால் பெரும்பாலும் 25 டிகிரி. ஏப்ரல், மே மாதத்தில் ஏசி இல்லாத நம் ஆய்வகத்தில் தொட்டித் தண்ணீர் காலையிலேயே 32, 33-ல் நிற்கும், அரை மணி நேரம் ஓடினால் 45-ஐத் தொட்டுவிடும். சூடு ஏற ஏற நல்லது என்றும் நினைக்க வேண்டாம். திரவம் சூடானால் குமிழிக்குள் ஆவி நிறைந்து மெத்தை மாதிரி ஆகிவிடும், இடிந்து விழும் வேகம் குறையும். ஐஸ் கட்டி போட்டோ தண்ணீர் மாற்றியோ ஒரே சூட்டில் நிறுத்துங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் பார்த்து நோட்டில் எழுதுங்கள். புரோப் என்றால் 5 நொடி ஓட்டம், 5 நொடி ஓய்வு என்று விட்டு விட்டு ஓடும்படி வைத்து, பீக்கரை ஐஸில் நிறுத்துங்கள்.

ஜாஸ்தி நேரம் போட்டா ஜாஸ்தி வருமில்ல?

முதல் பத்துப் பதினைந்து நிமிடம் வேகமாக ஏறும், பிறகு மெதுவாகும், அதற்கப்புறம் இறங்கவும் செய்யும். குமிழி இடியும் அந்தச் சூட்டில் தண்ணீர் மூலக்கூறே பிளந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல், அதாவது பக்கத்தில் கிடைத்ததையெல்லாம் தாக்கும் துணுக்கு, உண்டாகிறது. நாம் தேடிப்போகும் ஆன்டிஆக்ஸிடன்ட் எதை எதிர்த்து நிற்குமோ அதையே நாமே உற்பத்தி செய்து அதன்மேல் விடுகிறோம். வைட்டமின் சி முதலில் அடிபடும்.

அதிர்வெண்ணைக் கூட்டினால் இன்னும் நன்றாக உடையும் என்பதும் தப்பு. சில நூறு கிலோஹெர்ட்ஸ் பக்கம் போனால் குத்தும் வேலை குறைந்து ரேடிக்கல் உற்பத்திதான் கூடும். சாறு எடுக்க 20 முதல் 40-ஐப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

கட்டுரையில 60 சதவீத ஆம்ப்ளிட்யூட் (அலைவீச்சு), 500 வாட்னு எழுதினா போதாதா?

போதாது. பெட்டியில் ஒட்டியிருப்பது கரண்டிலிருந்து கருவி இழுப்பது, சாற்றுக்குள் உண்மையில் போய்ச் சேர்வது அதில் ஒரு பங்குதான். கண்டுபிடிப்பது எளிது. 200 மில்லி தண்ணீரைப் புரோப்புக்கு அடியில் வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பாருங்கள். 3 டிகிரி ஏறினால், 200 பெருக்கல் 4.18 பெருக்கல் 3, வகுத்தல் 60 நொடி, சுமார் 42 வாட். இந்த எண்ணையும் எழுதினால்தான் இன்னொரு ஊரில் வேறு கருவி வைத்திருப்பவர் உங்கள் வேலையைத் திரும்பச் செய்து பார்க்க முடியும்.

டிபிபிஎச் ஊதா மஞ்சளாயிருச்சு! அப்போ இது நல்ல மருந்துதானே?

அந்த நிறமாற்றத்தை முதன்முதலில் பார்க்கும் சந்தோஷம் எனக்கும் தெரியும். டிபிபிஎச் நிலையாக நிற்கும் ஒரு ரேடிக்கல், உங்கள் சாறு அதற்கு எலக்ட்ரானோ ஹைட்ரஜனோ கொடுத்தால் ஊதா மங்கும், 517 நானோமீட்டரில் அளக்கிறோம். பாதி ரேடிக்கலை அடக்க எவ்வளவு சாறு வேண்டும் என்பதுதான் ஐசி50. அது குறைந்தால்தான் சாறு வலுவானது, இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வருகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது உண்டு. பச்சையம் நிறைந்த சாற்றுக்கு டிபிபிஎச் சேர்க்காத பிளாங்க், அதாவது ஒப்பீட்டுக் குழாய், ஒன்று தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் இலையின் நிறத்தையும் சேர்த்து அளப்பீர்கள்.

மருந்தா என்றால், இல்லை. குடுவையில் நடப்பது குடலிலும் ரத்தத்திலும் அப்படியே நடக்காது. அமெரிக்க வேளாண் துறை உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் எண்களை ஒரு பட்டியலாகவே போட்டு வைத்திருந்தது, அதை வைத்துக் கம்பெனிகள் விளம்பரம் செய்ய ஆரம்பித்ததும், உடல்நலத்தோடு அந்த எண்களுக்கு நேரடித் தொடர்பு இல்லை என்று 2012-ல் எடுத்துவிட்டது.

ஃபோலின் டெஸ்ட்ல எண் எகிறுது, டிபிபிஎச்ல கம்மியா இருக்கே. எது பொய்?

இரண்டும் பொய் இல்லை, இரண்டும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. மொத்தப் பாலிஃபீனாலை அளக்கப் பயன்படும் ஃபோலின்-சியோகால்டியு கரைசல் பாலிஃபீனாலோடு மட்டும் நீலமாவதில்லை, வைட்டமின் சி, ஒடுக்கும் சர்க்கரைகள், சில புரதங்களோடும் ஆகும். பழச்சாற்றில் எண் எகிறக் காரணம் பெரும்பாலும் அதுதான். ஒரே சோதனையை நம்பி நிற்காமல், ஃபிராப் அல்லது ஏபிடிஎஸ் என்ற வேறு ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனை ஒன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். இன்ன பொருள் இருக்கிறது என்று பெயர் சொல்ல வேண்டுமானால், கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி கருவி இல்லாமல் முடியாது.

சாதா ஊறவைப்பைவிட ரெண்டு மடங்கு வந்துச்சுன்னு எழுதலாமா?

ஊறவைத்தது எப்படி என்று சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம். 28 டிகிரியில் தண்ணீரில் ஊறியதையும், 45 டிகிரியில் 70 சதவீத எத்தனாலில் மீயொலி பட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மீயொலியின் மகிமை என்று எழுதிய பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் சூட்டுக்கு எவ்வளவு பங்கு, எத்தனாலுக்கு எவ்வளவு பங்கு என்று யாரால் சொல்ல முடியும்?

அதே பொடி, அதே கரைப்பான், அதே அளவு, அதே நேரம், அதே சூடு. சுவிட்ச் மட்டும் அணைந்திருக்க வேண்டும். இந்தக் கன்ட்ரோலை மூன்று முறை செய்த பிறகு கிடைக்கும் வித்தியாசம்தான் மீயொலியின் கணக்கில் சேரும். இரண்டு மடங்கு என்று நினைத்தது இருபது சதவீதமாக வந்தாலும் வரட்டும், அதை எழுதுங்கள். நாலு பேர் நம்பிப் பின்தொடரக்கூடிய எண் அதுதான்.

சாறு நிறைய வந்துச்சு, ஆனா பவர் குறைஞ்சிருச்சே. எங்க தப்பு?

தப்பே இல்லாமல் இருக்கலாம், வகுக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். 10 கிராம் இலையை ஊறவைத்ததில் 1 கிராம் காய்ந்த சாறு, கிராமுக்கு 100 மில்லிகிராம் பாலிஃபீனால், ஆக மொத்தம் 100. மீயொலியில் 2 கிராம் சாறு, கிராமுக்கு 80 மில்லிகிராம், மொத்தம் 160. சாற்றின் கிராம் கணக்கில் குறைந்திருக்கிறது, இலையின் கணக்கில் கூடியிருக்கிறது. செல் உடையும்போது சர்க்கரை, புரதம், பிசின் எல்லாம் சேர்ந்தே வெளியே வருவதால் சாறு கொஞ்சம் நீர்த்துப்போகிறது. இரண்டு எண்ணையும் எழுதுங்கள், எதை எதால் வகுத்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

எங்க குழுவுல முருங்கைச் சாறு இப்படி எடுத்து பாட்டில்ல அடைச்சு விக்கலாமா தம்பி?

அக்கா, எடுப்பது வேறு, விற்பது வேறு. உணவுப் பொருளாக விற்க, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பதிவு அல்லது உரிமம் வேண்டும், சித்த மருந்து என்று தயாரித்து விற்க மருந்துத் தயாரிப்பு உரிமம் வேண்டும். சர்க்கரையைக் குணமாக்கும், புற்றுநோயைத் தீர்க்கும் என்றெல்லாம் லேபிளில் அடித்தால் 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டத்தில் மாட்டுவீர்கள். இதற்கெல்லாம் முன்னால், நிழலில் பக்குவமாகக் காயவைத்த நல்ல பொடியை ஈரமில்லாமல், வெளிச்சம் படாமல் அடைத்துக் கொடுங்கள். இப்போதைக்கு உங்களுக்கு வருமானம் அதில்தான் இருக்கிறது.

எடுத்து முடிச்ச சக்கையில இன்னும் இருக்குமா? தூக்கிப் போட்டுறலாமா?

போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அதே சக்கையில் புதுக் கரைப்பானை அதே அளவு ஊற்றி, அதே நேரம் ஓட்டுங்கள். இரண்டாவது சாறு வெளிறி, எண்ணும் முதலாவதில் ஒரு சின்னப் பங்காக வந்தால் நீங்கள் பிடித்த நேரமும் அளவும் சரி. இன்னும் அடர்நிறமாக இறங்கினால் முதல்முறை போதவில்லை. பெரும்பாலும் கரைப்பான் குறைவாக இருந்திருக்கும், அல்லது துகள் பெரிதாக இருந்திருக்கும்.

அதன்பிறகு சக்கையைத் தட்டில் பரப்பி, எத்தனால் வாசனை முழுக்கப் போகும்வரை காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, ஸ்டவ் பக்கத்தில் இல்லாமல் உலர்த்துங்கள். எங்கள் ஆய்வகத்துப் பின்பக்கம் நாலு மல்லிகைச் செடி இருக்கிறது, உலர்ந்த சக்கையை மக்கவைத்து அதற்குத்தான் போடுகிறோம்.